தரவைக் காப்பது குமாஸ்தா வேலை அல்ல

விமானத்தில் புதிய உலோகமோ புதிய காம்போசிட்டோ இடம்பிடிக்க ஏன் இத்தனை காலம் ஆகிறது? இந்தக் கேள்விக்கு இன்று எங்கே போனாலும் ஒரே பதில்தான் கிடைக்கிறது. கண்டுபிடிப்பு வேகமெடுத்துவிட்டது, காகிதம்தான் காலைப் பிடித்து இழுக்கிறது என்கிறார்கள். ஆராய்ச்சியாளர்களும் அதைத்தான் சொல்கிறார்கள், முதலீட்டாளர்களும் அதைத்தான் சொல்கிறார்கள். கேட்கக் கேட்க அது நிரூபிக்கப்பட்ட உண்மை போலவே ஆகிவிட்டது.

அந்த வாதத்தை அதன் முழு வலுவோடு முதலில் வைத்துவிடுகிறேன். ஒரு புதிய கலப்புலோகம் ஆய்வுக்கூடத்திலிருந்து புறப்பட்டு விமானத்தில் ஏறப் பத்து முதல் இருபது ஆண்டுகள் ஆகின்றன. அமெரிக்க அரசு 2011ல் மெட்டீரியல்ஸ் ஜீனோம் இனிஷியேட்டிவ் திட்டத்தை அறிவித்தபோதே, இந்தக் காலத்தைப் பாதியாக்க வேண்டும் என்றுதான் இலக்கு வைத்தது. ஒரு காம்போசிட்டுக்கு வடிவமைப்பு எண்கள் பெற ஏராளமான சோதனைத் துண்டுகளை உடைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒரு நிறுவனம் உடைத்துப் பார்த்ததையே அடுத்த நிறுவனமும் உடைத்துப் பார்க்கிறது. இன்னொரு பக்கம் கணினி பாய்ந்து ஓடுகிறது. கூகுள் டீப்மைண்ட் 2023 நவம்பரில் 22 லட்சம் புதிய படிக அமைப்புகளைக் கணித்துக் காட்டியது. அவற்றில் ஏறத்தாழ 3.8 லட்சம் நிலையாக இருக்கக்கூடியவை என்றது. இவ்வளவு செல்வம் கையில் இருக்க, துண்டு துண்டாக உடைத்துப் பார்த்துக்கொண்டிருப்பது எதற்கு? சோதனைகளைக் குறைப்போம், கணிப்பை நம்புவோம், கோப்புகளைப் பராமரிக்கும் வேலையைக் கீழ்மட்டத்தில் யாரிடமாவது ஒப்படைப்போம். வாதம் இவ்வளவுதான்.

தாமதம் உண்மை. ஒரே சோதனையைப் பலர் திரும்பச் செய்வதும் உண்மை. அதற்குச் சொல்லப்படும் காரணம்தான் தவறு. சோதனைத் தரவை நாம் அளவுக்கு மீறிக் கேட்கவில்லை. எடுத்த தரவை அடுத்தவர் நம்பிப் பயன்படுத்த முடியாதபடி வைத்திருக்கிறோம். காலமும் பணமும் அங்கேதான் கரைகின்றன. ஆகவே காகிதத்தைக் குறை என்ற கோஷம் நோக்கத்துக்கே எதிராகப் போகிறது என்பது என் வாதம்.

1. புதிய பொருள் கிடைக்காமல் விமானத்துறை எப்போது தவித்தது?

ரோல்ஸ்ராய்ஸ் நிறுவனம் 1960களின் இறுதியில் ஆர்பி211 இன்ஜினுக்குக் கார்பன் நாரில் விசிறி இறக்கைகளைச் செய்தது. பொருள் கையில் இருந்தது, எடைக் குறைவு கண்ணுக்குத் தெரிந்தது. 1970ல் பறவை மோதும் சோதனையில் இறக்கை தாங்கவில்லை. டைட்டானியத்துக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. 1971 பிப்ரவரி 4 அன்று நிறுவனம் திவாலானதற்குக் காரணங்கள் பல. இந்த இறக்கைக்கும் அதில் பங்கு உண்டு. காம்போசிட் விசிறி இறக்கை பயணிகள் சேவைக்கு வந்தது 1995ல், ஜிஇ90 இன்ஜினோடு. நடுவில் ஓடிய கால் நூற்றாண்டு நாரைக் கண்டுபிடிக்கச் செலவானதல்ல. மோதும்போது அது எப்படி நடந்துகொள்ளும் என்பதை எண்களாக அறிந்துகொள்ளச் செலவானது.

செராமிக் காம்போசிட்டின் கதையும் இதுவே. சிலிகான் கார்பைடு நாரைச் சிலிகான் கார்பைடுக்குள்ளேயே பதித்துச் செய்யும் இந்தப் பொருளில் ஜிஇ 1980களிலேயே இறங்கிவிட்டது. லீப் இன்ஜினில், டர்பைன் இறக்கைகளைச் சூழ்ந்த வளையமாக அது பயணிகளோடு பறந்தது 2016ல். உலர்ந்த காற்றில் வைத்துச் சுட்டபோது, மேற்பரப்பில் ஒரு சிலிக்கா படலம் உருவாகிப் பொருளைப் பாதுகாத்தது. அந்த எண்களை மட்டும் பார்த்தவர்கள் அப்போதே இன்ஜினில் மாட்டியிருக்கலாம். ஆனால் இன்ஜினில் எரிபொருள் எரியும்போது நீராவி உண்டாகிறது; அந்த நீராவி சிலிக்காவோடு வினைபுரிந்து படலத்தை வாயுவாக்கிக் கொண்டுபோய்விடுகிறது. அதைத் தடுக்கத் தனியாக ஒரு மேற்பூச்சையே உருவாக்க வேண்டியிருந்தது. படிக அமைப்புகளின் எந்தப் பட்டியலும் இந்தச் செய்தியை முன்கூட்டியே சொல்லியிருக்காது.

எனவே 22 லட்சம் என்ற எண் என்னை மயக்கவில்லை. அது வரிசையின் வால் முனையில் ஆட்களைச் சேர்க்கிறது. வரிசை நகராமல் நிற்பது முன் முனையில்.

2. சராசரி வலிமையை நம்பி விமானத்தில் ஏற நீங்கள் தயாரா?

புதிய பொருளைப் பற்றிய செய்தியில் எப்போதும் ஒற்றை எண் வரும்: எஃகை விட இத்தனை மடங்கு வலிமை, அலுமினியத்தை விட இத்தனை சதவீதம் எடை குறைவு. அது சராசரி, சில சமயம், கிடைத்ததிலேயே சிறந்த துண்டின் எண். விமானத்தை வடிவமைப்பவருக்குச் சராசரி பயன்படாது. வாங்கப்போகும் பொருளில் மிக மோசமான துண்டு எவ்வளவு தாங்கும் என்பதுதான் அவருக்கு வேண்டும். அதனால்தான் இத்துறையில் ஏ-பேசிஸ், பி-பேசிஸ் என்று இரண்டு எண்கள் உண்டு. நூற்றுக்கு 99 பங்கு பொருள் இந்த வலிமையைத் தாண்டும் என்று 95 சதவீத உறுதியோடு சொல்ல முடிந்தால் அது ஏ-பேசிஸ். நூற்றுக்கு 90 பங்கு என்றால் பி-பேசிஸ். ஒரு பாகம் உடைந்தால் சுமையை ஏந்த வேறு பாகம் இல்லாத இடத்தில் முன்னது வேண்டும். சுமை பக்கத்துப் பாகத்துக்கு மாறிக்கொள்ளும் இடத்தில் பின்னது போதும்.

இத்தனை துண்டுகள் எதற்கு என்று கேட்பவர்கள் ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். பொருளில் ஒரு சதவீதம் பலவீனமானது என்று வைத்துக்கொள்வோம். எடுக்கும் துண்டு ஒவ்வொன்றும் நல்ல பக்கத்திலேயே விழுவதற்கான வாய்ப்பு 0.99. அப்படி எத்தனை துண்டுகள் எடுத்தால், பலவீனமான ஒன்றுகூடக் கண்ணில் படாமல் போகும் வாய்ப்பு 5 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்? 299. பரவலின் வடிவத்தைப் பற்றி எந்த ஊகமும் செய்யாமல் ஏ-பேசிஸ் எண் சொல்வதற்குக் குறைந்தது 299 துண்டுகள் வேண்டும் என்பது இப்படி வந்ததுதான். பி-பேசிஸுக்கு அதே கணக்கில் 29. எந்த அதிகாரியும் உட்கார்ந்து யோசித்து எழுதிய விதியல்ல இது. எந்த அரசாணையாலும் இதைத் தளர்த்த முடியாது. பரவலின் வடிவம் தெரியும் என்று காட்டினால், அமெரிக்காவின் எம்எம்பிடிஎஸ் உலோகக் கையேடு குறைந்தது 100 துண்டுகளோடு விடுகிறது. ஆனால் அந்த நூறும் பத்து வெவ்வேறு உருக்குகளிலிருந்து, அதாவது உலையில் தனித்தனியே உருக்கி வார்த்த தொகுதிகளிலிருந்து, வந்திருக்க வேண்டும்.

அந்தப் பத்தை எல்லோரும் வாசித்துக் கடந்துபோகிறார்கள். ஒரே உருக்கிலிருந்து முந்நூறு துண்டுகள் உடைத்தவருக்கு அந்த ஒரு உருக்கைப் பற்றித்தான் தெரியும். அடுத்த வாரம் உலையில் வேறு மூலப்பொருள் போட்டால் என்ன ஆகும் என்பதைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. எந்தத் துண்டு எந்த உருக்கைச் சேர்ந்தது என்று எழுதி வைக்காதவர் அந்த முந்நூறையும் வீணாக உடைத்தார்.

3. எண் இருக்கிறது, போதாதா? போதாது.

பட்டறையில் ஒரு டைட்டானியம் கம்பியை அறுப்பதைக் கவனியுங்கள். கம்பியின் ஒரு முனையில், அது எந்த உருக்கு என்று சொல்லும் ஹீட் நம்பர் குத்தியிருக்கும். ரம்பம் தொடும் முன்பே, அறுபடப்போகும் ஒவ்வொரு துண்டிலும் அந்த எண்ணை மறுபடி குத்தியாக வேண்டும். அறுத்துவிட்டு அப்புறம் குத்திக்கொள்ளலாம் என்று விட்டால், மேசையில் ஒரே மாதிரி ஆறு துண்டுகள் கிடக்கும். பக்கத்தில் வேறு உருக்கிலிருந்து வந்த ஆறும் கிடக்கும். எது எது என்று கண்ணால் சொல்ல முடியாது. ஓசூரிலும் கோவையிலும் விமானப் பாகங்கள் கடையும் பட்டறைக்காரர்களிடம் இதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. எண் தொலைந்த துண்டு எவ்வளவு நல்ல உலோகமாக இருந்தாலும் அவர்களுக்கு அது கழிவுதான்.

சோதனைக்கூடத்து எண்ணுக்கும் இதே நியதி பொருந்தும். 480 மெகாபாஸ்கல் என்று ஒரு தாளில் எழுதியிருக்கிறது. எந்த உருக்கு? தகட்டின் தடிமன் என்ன? துண்டு வெட்டியது உருட்டிய திசையிலா, குறுக்கிலா, தடிமன் வழியாகவா? எந்த வெப்பப் பதம்? எந்த வேகத்தில் இழுத்தார்கள்? நடுவில் உடைந்ததா, பிடியின் ஓரத்தில் உடைந்ததா? காம்போசிட் என்றால் பட்டியல் இரட்டிப்பாகும். பிசின் எந்த லாட், பிசின் ஊறிய நார்த் துணியான ப்ரீப்ரெக் சுருளைக் குளிர்பெட்டிக்கு வெளியே எத்தனை மணி நேரம் வைத்திருந்தார்கள், அழுத்த உலையான ஆட்டோகிளேவில் எந்த வெப்பப் படியில் எவ்வளவு நேரம், சோதனைக்கு முன் ஈரம் குடிக்க விட்டார்களா, நாரின் கன அளவுப் பங்கு எவ்வளவு. இவற்றில் ஒன்று விட்டுப்போனாலும் அந்த எண்ணை இன்னொரு எண்ணோடு சேர்த்து வைக்க முடியாது. சேர்க்க முடியாத எண்ணுக்காக மறுபடி உடைக்க வேண்டும். எல்லோரும் புலம்பும் இரட்டைச் சோதனைகளில் பெரும்பகுதி இப்படிப் பிறந்ததுதான்.

திசை என்ற ஒரு விவரத்தின் விலையை 7079-டி6 என்ற அலுமினியக் கலவை காட்டியது. 1950களில், பெரிய ஃபோர்ஜிங்குகளிலும் நல்ல வலிமை தருகிறது என்று அதை வரவேற்றார்கள். நீளவாக்கில் இழுத்த எண்கள் அழகாக இருந்தன. தடிமன் வழியாக நிலையான இழுவிசையும் ஈரமும் சேர்ந்தால் விரிசல் விடும் என்பது சேவையில்தான் முழுமையாகத் தெரிந்தது. கடைசியில் அந்தக் கலவையையே கைவிட்டார்கள். 7075 என்ற இன்னோர் அலுமினியக் கலவைக்குக் கொஞ்சம் வலிமையை விட்டுக்கொடுத்து டி73 என்ற பதம் உருவானதும் இதே நோய்க்காகத்தான்.

அண்மை உதாரணம் நம் விமான நிலையங்களிலேயே நின்றது. பிராட் அண்ட் விட்னியின் கியர்டு டர்போஃபேன் இன்ஜினில், உலோகப் பவுடரிலிருந்து செய்த தட்டுகளில் நுண்ணிய மாசு இருப்பதாக 2023 ஜூலையில் தாய் நிறுவனமான ஆர்டிஎக்ஸ் அறிவித்தது. 2015 இறுதிக் காலாண்டு முதல் 2021 மூன்றாம் காலாண்டு வரை செய்த பவுடர் அது. உலகெங்கும் நூற்றுக்கணக்கான விமானங்கள் நின்றன. இண்டிகோவின் விமானங்களும் நின்றன. எந்த இன்ஜினைக் கழற்றுவது, எதைப் பறக்க விடுவது என்பதைத் தீர்மானித்தது எந்தத் தட்டு எந்தக் காலத்துப் பவுடர் என்ற பதிவுதான். தட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது; அதன் வரலாற்றைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

4. குமாஸ்தா வேலை என்கிறார்கள். அந்த வேலை கெட்டபோது என்ன நடந்தது என்று பார்ப்போம்.

2009 பிப்ரவரி 24. வளிமண்டலத்துக் கரியமில வாயுவை அளக்க நாசா அனுப்பிய ஓசிஓ செயற்கைக்கோள் டாரஸ் எக்ஸ்எல் ராக்கெட்டில் கிளம்பியது. மூக்கு மூடி பிரியவில்லை. கூடுதல் எடையோடு சுற்றுப்பாதையை எட்ட முடியாமல் கடலில் விழுந்தது. 2011 மார்ச் 4 அன்று குளோரி என்ற செயற்கைக்கோள், அதே ராக்கெட்டில், அதே மூடி பிரியாமல், அதே முடிவைச் சந்தித்தது. இரண்டும் சேர்ந்து 70 கோடி டாலருக்கு மேல் இழப்பு. பல ஆண்டு விசாரணைக்குப் பிறகு நாசா காரணத்தை வெளியிட்டது. மூடியின் இணைப்பில், வெடித்ததும் முறிய வேண்டிய அலுமினிய எக்ஸ்ட்ரூஷன் முழுமையாக முறியவில்லை. அதைச் செய்துகொடுத்த சாபா புரொஃபைல்ஸ் நிறுவனத்தில் இழுவைச் சோதனை முடிவுகளைத் திருத்திச் சான்றிதழ் கொடுத்து வந்திருக்கிறார்கள். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, 1996 முதல் 2015 வரை. நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர்களுக்கு ஆயிரக்கணக்கான சான்றிதழ்கள். 2019ல் 4.6 கோடி டாலர் கொடுத்து வழக்கைத் தீர்த்துக்கொண்டார்கள்.

பத்தொன்பது ஆண்டுகள் எப்படி ஓடின என்பதுதான் என்னை உலுக்குகிறது. சான்றிதழ் ஒரு தாளாக வந்தது, ஒருவர் வாங்கிக் கோப்பில் வைத்தார். அந்த எண்ணை இயந்திரம் பதிந்த மூல வளைவோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கும் ஏற்பாடு வாங்கியவர்களிடம் இருந்திருந்தால், லாட் லாட்டாகப் பரவலை வரைந்து பார்த்திருந்தால், சந்தேகத்துக்கு இடம் கிடைத்திருக்கும். திருத்திய எண்கள் குறைந்தபட்ச வரம்புக்குச் சற்று மேலே வந்து குவியும் இயல்புடையவை. புள்ளியியல் தெரிந்த ஒருவர் அதைக் கவனிப்பார். தாளைக் கோப்பில் வைக்கும் வேலைக்கு அப்படிப்பட்டவரை யாரும் நியமிப்பதில்லை. அதைக் குமாஸ்தா வேலை என்று நினைப்பதன் நேரடி விளைவு இது. ஓசிஓவுக்கு மாற்றாக ஓசிஓ-2 பறந்தது 2014 ஜூலையில். பருவநிலை ஆய்வு இழந்த ஐந்து ஆண்டுகளை யாரும் திருப்பித் தர முடியாது.

உயிர்களையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். 1989 ஜூலை 19 அன்று டென்வரிலிருந்து சிகாகோ சென்ற யுனைடெட் 232 விமானத்தின் வால் இன்ஜினில் டைட்டானிய விசிறித் தட்டு வெடித்துச் சிதறி, மூன்று ஹைட்ராலிக் அமைப்புகளையும் அறுத்தது. சூ சிட்டியில் இறக்க முயன்றபோது விமானம் நொறுங்கியது. 296 பேரில் 112 பேர் இறந்தார்கள். உலோகத்தை உருக்கியபோதே உள்ளே தங்கிவிட்ட ஒரு கடினப் புள்ளியிலிருந்து விரிசல் வளர்ந்திருக்கிறது; பராமரிப்புச் சோதனை அதைத் தவறவிட்டது. விசாரணை சொன்ன காரணம் இதுதான். பதிவுக் குழப்பம்தான் விபத்துக்குக் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் தட்டின் வரலாற்றைத் தேடிப் போன விசாரணையாளர்கள், தயாரிப்பாளரின் கோப்புகளில் ஒரே வரிசை எண்ணில் இரண்டு தட்டுகள் இருப்பதைக் கண்டார்கள். ஒன்று அல்ட்ராசானிக் சோதனையில் சந்தேகம் எழுந்து ஒதுக்கப்பட்டது. மற்றது விமானத்துக்குப் போனது. இரண்டின் வரலாற்றையும் ஐயமின்றிப் பிரித்துச் சொல்லக் கோப்புகள் உதவவில்லை. 112 பேர் இறந்த பிறகும், எந்த உலோகம் பறந்தது என்று தாள் சொல்லவில்லை.

2024ல் வந்த செய்தியும் இதோடு சேரும். போலி ஆவணங்களோடு டைட்டானியம் போயிங், ஏர்பஸ் விநியோகச் சங்கிலிக்குள் நுழைந்திருந்தது. உலோகத்தின் பண்புகளை உறுதிப்படுத்த ஆயிரத்துக்கு மேற்பட்ட சோதனைகள் செய்ததாக ஸ்பிரிட் ஏரோசிஸ்டம்ஸ் அறிவித்தது. ஒரு சான்றிதழ் பொய்யானால் ஆயிரம் சோதனைகள் செய்ய வேண்டியிருக்கிறது. சோதனைச் செலவைக் குறைக்க விரும்புபவர்கள் முதலில் கை வைக்க வேண்டிய இடம் இது.

5. ஏஐ வந்துவிட்டது, இனி இதெல்லாம் எதற்கு?

எந்தத் தரவை வைத்து அதைப் பயிற்றுவிக்கப்போகிறீர்கள் என்று திருப்பிக் கேட்கிறேன். உலோகச் சோர்வுச் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு துண்டை ஒரு கோடி முறை இழுத்துவிட்டும் உடையவில்லை என்றால் சோதனையை நிறுத்திவிடுவார்கள். வரைபடத்தில் அந்தப் புள்ளிக்கு ஓர் அம்புக்குறி போடுவது மரபு: இது இன்னும் உடையவில்லை என்று பொருள். பழைய அறிக்கையைப் பார்த்து எக்செல் தாளில் எண்களை ஏற்றுபவர் ஒரு கோடி என்று தட்டச்சு செய்கிறார். அம்புக்குறிக்குக் கட்டம் இல்லை. அந்த நிமிடத்திலிருந்து, உடையாத துண்டு சரியாக ஒரு கோடியில் உடைந்த துண்டாகிவிடுகிறது. அப்படிப்பட்ட ஆயிரம் வரிகளில் பயிலும் மென்பொருள் மிகுந்த தன்னம்பிக்கையோடு தவறு செய்யும்.

அலகுகளில் இதைவிடச் சூட்சுமமான பள்ளம் உண்டு. வலிமையில் அமெரிக்க அலகையும் மெட்ரிக் அலகையும் குழப்பினால் ஏழு மடங்கு வித்தியாசம் வரும், பார்த்தவுடன் பிடிபடும். விரிசல் விட்ட உலோகம் எவ்வளவு தாங்கும் என்ற அளவில் இரண்டு அலகுகளுக்கும் இடையே ஏறத்தாழ பத்து சதவீதம்தான் வித்தியாசம். கலந்துவிட்டால் அது இயல்பான சிதறல் மாதிரியே தெரியும், யாருக்கும் பிடிபடாது. பத்து சதவீதத்துக்காகத்தான் புதிய கலவையையே தேடுகிறோம்.

கணிப்பு பயனற்றது என்பது என் வாதமல்ல. குவெஸ்டெக் நிறுவனம் கணினியில் வடிவமைத்த ஃபெரியம் எஸ்53 என்ற எஃகு, அமெரிக்க விமானப்படையின் டி-38 பயிற்சி விமானத்தின் லேண்டிங் கியரில் 2010 டிசம்பரில் பறந்தது. துருவுக்குக் காட்மியம் பூச வேண்டிய பழைய எஃகுக்கு மாற்று அது. கணினி அங்கே எந்தக் கலவையை உருக்கலாம் என்று வழி காட்டியது. பிறகு பல உருக்குகளைச் செய்து, துண்டுகளை உடைத்து, எம்எம்பிடிஎஸ் கையேட்டில் ஏ-பேசிஸ் எண் ஏறும் அளவுக்குத் தரவைச் சேர்த்தார்கள். ஏஐ பெயரைச் சொல்லித் தரவைத் தள்ளிவைப்பவர்கள் இந்த இரண்டாம் பாதியை மேற்கோள் காட்டுவதே இல்லை.

6. தரவு எங்கள் சொத்து, வெளியே தரமாட்டோம்.

இது வெளிப்படையாகச் சொல்லப்படுவதில்லை. ஆனால் தாமதத்தைப் பற்றி உரக்கக் குறைப்படும் நிறுவனங்களே இதை நாள்தோறும் செய்கின்றன. ஒரே ப்ரீப்ரெக்கை வாங்கும் ஐந்து நிறுவனங்கள் தனித்தனியே ஒரே சோதனைகளைச் செய்து, முடிவுகளைப் பூட்டி வைக்கின்றன. அரசு விதியா அப்படிச் செய்யச் சொன்னது? இல்லை. பூட்டியது வியாபாரக் கணக்கு.

பூட்டைத் திறந்தால் என்ன நடக்கும் என்பதற்கு கான்சஸில் சாட்சி இருக்கிறது. சிறிய விமானத் தயாரிப்பாளர்களுக்காக நாசா 1990களில் நடத்திய ஏகேட் திட்டத்தின் வழியில், விச்சிட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2005ல் என்கேம்ப் என்ற பொதுத் தரவு மையம் எழுந்தது. பொருளைச் செய்பவரும் வாங்குபவரும் சேர்ந்து ஒரே முறைப்படி சோதித்து, விவரக்குறிப்போடும் செய்முறைக் குறிப்போடும் முடிவுகளைப் பொதுவில் வைக்கிறார்கள். அடுத்து வருபவர் எல்லாவற்றையும் மறுபடி உடைக்க வேண்டாம். தன் பட்டறையில் செய்யும் பொருளும் அதே குடும்பத்தைச் சேர்ந்தது என்று ஒரு சிறு தொகுதிச் சோதனையால் காட்டினால் போதும். அமெரிக்க விமான ஒழுங்குமுறை அமைப்பான எஃப்ஏஏ 2010லும் ஐரோப்பாவின் ஈஏஎஸ்ஏ 2014லும் இதை ஏற்றுக்கொண்டன. காகிதத்தை எதிர்ப்பவர்கள் கேட்ட வேகம் இதுதான். அது வந்தது கூடுதல் ஒழுங்கோடு எழுதிய காகிதத்தால்.

போட்டியாளர்கள் சேர மாட்டார்கள் என்ற பேச்சுக்கும் பதில் உண்டு. சூ சிட்டி விபத்துக்குப் பிறகு 1990ல் இன்ஜின் நிறுவனங்களும் டைட்டானியம் உருக்குபவர்களும் எஃப்ஏஏவும் சேர்ந்து ஒரு குழு அமைத்தார்கள். உருக்கில் அகப்படும் கடினப் புள்ளிகளை ஆண்டுதோறும் ஒரே இடத்தில் பதிவு செய்யத் தொடங்கினார்கள். எந்த உருக்கு முறையில் எத்தனை என்று எண்ணிப் பார்க்க முடிந்தது. குறைபாடு வெகுவாகக் குறைந்தது. அதில் உட்கார்ந்தவர்கள் சந்தையில் ஒருவரையொருவர் எதிர்த்து நின்றவர்கள்தான்.

7. அப்படியானால் ஒழுங்குமுறை அமைப்புகளின் பிடிவாதம்?

விதியை வாசித்தவர்கள் இந்தக் குற்றச்சாட்டைச் சுமத்த மாட்டார்கள். பெரிய பயணிகள் விமானங்களுக்கான அமெரிக்க விதியின் 25.613ஆம் பிரிவு, வடிவமைப்பு எண்களைப் புள்ளியியல் அடிப்படையில் நிறுவும் அளவுக்குப் போதுமான சோதனைகள் வேண்டும் என்கிறது. எத்தனை என்று எண் சொல்லவில்லை. உயர்ந்த எண்ணைப் பயன்படுத்த வேண்டுமா, ஒவ்வொரு பாகத்திலிருந்தும் ஒரு மாதிரியை எடுத்துச் சோதித்துக் காட்டிவிட்டுப் பயன்படுத்திக்கொள் என்கிறது. வேறு எண்களை அதிகாரியின் ஒப்புதலோடு ஏற்கவும் இடம் வைக்கிறது. கதவு திறந்துதான் இருக்கிறது. உள்ளே நுழையக் கேட்பது ஆதாரம். அதை ஒழுங்காகச் சேர்த்து வைக்காதவர்களுக்கு அது சுவராகத் தெரிகிறது.

நம் நாட்டுக்கும் இதில் நேரடிப் பங்கு உண்டு. ஹைதராபாத்தில் அரசு நிறுவனமான மிதானி டைட்டானியத்தையும் சூப்பர் அலாய்களையும் உருக்குகிறது. தேஜஸ் போர் விமானத்தின் உடலில் கார்பன் காம்போசிட் பெரும்பங்கு வகிக்கிறது. ராணுவ விமானத்தில் ஏறும் பொருளுக்கு பெங்களூரின் செமிலாக் ஒப்புதல் தர வேண்டும். உருக்குவதும் உடைத்துப் பார்ப்பதும் பெரும்பாலும் மக்கள் பணம். அந்தப் பணத்தில் பிறக்கும் ஒவ்வொரு எண்ணும், எந்த உருக்கு, எந்தத் திசை, எந்தச் செய்முறை என்ற விவரங்களோடும், தோற்றுப்போன துண்டுகளோடும், இயந்திரம் பதிந்த மூல வளைவோடும் ஒரே இடத்தில் சேர வேண்டும் என்று கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. அறிக்கையின் பிற்சேர்க்கையில் அச்சிட்ட அட்டவணை அதற்கு ஈடாகாது. திட்டத்தின் கடைசி மாதத்தில் யாரோ ஒருவர் உட்கார்ந்து தட்டச்சு செய்யும் பட்டியலும் ஈடாகாது. முதல் உருக்கு வார்த்த நாளிலேயே பதிவு தொடங்க வேண்டும். அதைப் பார்த்துக்கொள்பவர் சோதனைக்கூடத்துக்குள் இருக்கும், புள்ளியியல் தெரிந்த உலோகவியலாளராக இருக்க வேண்டும். சந்தேகமான எண்ணைத் திருப்பி அனுப்பும் அதிகாரம் அவருக்கு வேண்டும். புதிய கலவைக்கு நிதி ஒதுக்கும் ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் இதைத் தனி ஒப்படைப்பாக எழுத வேண்டும். இன்னோர் ஆய்வுக்கூடம் அந்தப் பதிவைத் திறந்து, யாரையும் தொலைபேசியில் கூப்பிடாமல், தானே ஒரு பி-பேசிஸ் எண்ணைக் கணக்கிட்டுக் காட்டும்வரை கடைசித் தவணையை விடுவிக்கக் கூடாது.